மட்டக்கம்பு வளைந்து தெரிந்தது: கண்ணில் இரத்த நாளம் அடைபட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

கொட்டகலை மகள்

அம்மாவுக்கு 56 வயது. பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர், இன்றும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். அன்று கொழுந்து எடுக்கும்போது, மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பு நடுவில் வளைந்து தெரிந்திருக்கிறது. கம்புதான் கோணல் என்று நினைத்து, பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மாவின் கம்பை வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் வளைந்தது.

சாயங்காலம் கம்பை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, "இது நேரா இருக்கா, பாரு" என்று என்னிடம் நீட்டினார். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நேராத்தான்மா இருக்கு, கண்ணாடி மாத்தணும்" என்றேன். இன்றுவரை அந்த ஒரு வாக்கியம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

வலி இல்லை, சிவப்பு இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சம்பளம் போட்ட பிறகு கண்டிக்குக் கூட்டிப் போவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. விழித்திரையில் இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் ஒரு கிளை நாளம் அடைபட்டு, இரத்தம் கசிந்து, பார்வையின் மையப்பகுதி வீங்கியிருக்கிறது என்றார் கண் டாக்டர். பிரசர் 190/110. தலைசுற்றல் நின்றுவிட்டது என்று தீபாவளிக்கு முன்பே அம்மா பிரசர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், எங்களுக்குச் சொல்லவே இல்லை. கண்ணுக்குள் ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த நோய் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா? எங்கள் லயத்து வீடுகளில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஹட்டன் டிரைவர்

தங்கச்சி, அப்பாவுக்கு வந்தது இதைவிட மோசம். கிளை இல்லை, நடு நாளமே அடைபட்டது. பகல் பன்னிரண்டு மணி, வெளியில் நல்ல வெயில். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏன்டா, லைட் போட மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் கிடக்கிறது.

அவருக்குச் சீனி வருத்தம், பிரசர் இரண்டும் உண்டு. பீடி நாற்பது வருசப் பழக்கம். மாதா மாதம் வரச் சொன்னார்கள். இரண்டு தடவை போனோம், மூன்றாவது தடவை எனக்கு ஒரு ஹயர் ஓட்டம் கிடைத்ததால் தள்ளிப் போட்டேன். மூன்றாம் மாதம் முடியும்போது கண் சிவந்து தாங்க முடியாத தலைவலி. கருவிழிக்குப் பின்னால் புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கண் அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். அந்தக் கண் போய்விட்டது. ஊசி தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மற்றபடி இது ரொம்ப அபூர்வம், வயசானவர்களுக்குத்தான் வரும். நீங்கள் உங்களை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பண்டாரவளை 34

அண்ணே, வயசானவர்களுக்குத்தான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எனக்கு வந்தபோது 34. பிரசர் இல்லை, சீனி இல்லை. கிளினிக்கில் என் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். நர்ஸ் மிஸ்ஸி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நோயாளி எங்கே?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, அப்படியே அழுதுவிட்டேன்.

இளம் வயது என்பதால் இரத்தம் உறையும் தன்மைக்கு நிறைய டெஸ்ட் எடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், அதை நிறுத்தச் சொல்லி வேறு முறைக்கு மாற்றினார்கள். மாத்திரை போடுகிற எல்லோருக்கும் இப்படி வரும் என்று சொல்லவில்லை. ஆனால் டாக்டர் கேட்கும்போது வெட்கப்பட்டு அதை மறைத்துவிடாதீர்கள். நான் முதல் தடவை மறைத்தேன்.

பதுளை, ஓய்வு பெற்ற தோட்ட மருந்தாளர்

டிஸ்பென்சரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள் மகள், அதனால் சொல்கிறேன். கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கும் கருவி எங்களிடம் இருந்ததில்லை. வெளியே பார்த்தால் இந்தக் கண் நல்ல கண் மாதிரியேதான் இருக்கும். ஆனால் பிரசர் பார்க்கும் கருவி மேசையிலேயே இருந்தது. அதைக் கட்டிப் பார்க்காதது பிழைதான். நானும் ஒரு தடவை ஒரு கங்காணிக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மறு மாதம் அவர் கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளைப் பார்க்க முடியாமல் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னதைக் கண்டேன்.

அபூர்வம் என்று தம்பி எழுதியதும் சரியில்லை. விழித்திரையின் இரத்தக் குழாய் நோய்களில் சீனி வருத்தத்தால் வருவதற்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2015 கணக்குப்படி உலகத்தில் 30 முதல் 89 வயது வரை உள்ளவர்களில் 0.77 சதவீதம் பேருக்கு இது உண்டு. கிட்டத்தட்ட 2 கோடி 80 இலட்சம் பேர். முப்பது தாண்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கிற பெரிய தோட்டம் என்றால், இந்தக் கணக்குக்கு ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டும். ஒரு கண் மங்கினால் மற்றக் கண்ணால் சமாளித்துவிடுவதால்தான் லயத்தில் யாரும் கேள்விப்படவில்லை. கிளை நாளம் அடைபடுவது நடு நாளம் அடைபடுவதைப் போல ஐந்து பங்கு.

பிரசருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். விழித்திரையில் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியும் திருப்பிக் கொண்டுபோகும் நாளமும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். பிரசரிலும் வயதிலும் நாடி தடித்து இறுகிவிடும். பீலித் தண்ணீர் வரும் ரப்பர் குழாய்மேல் இரும்புக் குழாயைப் போட்டால் என்ன ஆகும்? அடியில் இருப்பது நசுங்கும், ஓட்டம் குறையும், அங்கேயே இரத்தம் கட்டும். பின்னால் தேங்கிய இரத்தம் விழித்திரைக்குள் கசியும். ஊசி அந்த அடைப்பைத் திறப்பதில்லை. வீக்கத்தை வற்ற வைக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. வீக்கம் வற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு, அதையும் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

வயது, பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல், புகை, இருதய நோய், கண் அழுத்தம். இவை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தம்பி, உங்கள் அப்பாவின் மற்றக் கண்ணையும் காட்டுங்கள், அதிலும் வரலாம். பண்டாரவளை மகளுக்கு வந்ததுபோல இளம் வயதில் வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். கருவாடு, ஊறுகாய் குறையுங்கள். மாத்திரையைப் போடுவது மயக்கம் நிற்பதற்காக இல்லை, பிரசர் ஏறாமல் இருப்பதற்காக. வீட்டில் எல்லோரும் ஒரு கண்ணைப் பொத்தி, கதவு நிலையை மாறி மாறிப் பாருங்கள். நேர்க்கோடு நெளிந்தாலோ ஒரு பக்கம் மறைந்தாலோ சம்பளம் வரட்டும் என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.

கொட்டகலை மகள்

எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கிளினிக் தேதியைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். எனக்கும் பிரசர் பார்த்தேன், 150/95. எனக்கு 31 வயதுதான். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐயா சொன்னபடி அம்மா இன்று காலை கதவு நிலையைப் பார்த்தார். நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். "இந்த இடத்துல மட்டும் இன்னும் நெளியுது" என்றார். அந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது ஊசி வருகிற புதன்கிழமை.