நெடும்பயணத்துக்கென்று கட்டிய வண்டி: சாலையில் கிடைத்த பாடங்கள்

நெடும்பயணத்துக்கென்று நான் கட்டிய மோட்டார் சைக்கிளின் சப்ஃபிரேமில், அதாவது இருக்கையையும் பயணப் பெட்டிகளையும் தாங்கும் பின்சட்டகத்தில், விரிசல் விட்டிருப்பதை முதலில் உணர்ந்தது என் காதுதான். பயணத்தின் மூன்றாம் நாள், கல் பெயர்ந்து கிடந்த மண்பாதையில், ஒவ்வொரு பள்ளத்திலும் இருக்கைக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை வந்தது. பெட்டியின் பட்டை தளர்ந்திருக்கும் என்றெண்ணி அதை இழுத்துக் கட்டிவிட்டு, மேலும் 40 கிலோமீட்டர் ஓட்டினேன். மாலையில் இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, இடப்பக்கக் குழாயில், நானே வெல்டிங் வைத்துச் சேர்த்த தகட்டின் ஓரத்தை ஒட்டி, பெயின்ட் மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து துரு செம்பழுப்பாகக் கீழே கசிந்திருந்தது. பெட்டியை ஒரு கையால் மேலே தூக்கினால் பிளவு மூடிக்கொண்டது, விட்டால் திறந்தது.

மறுநாள் வண்டியை மெல்ல உருட்டிச் சென்று சேர்ந்த பட்டறையில் டிராக்டர் கலப்பைகளுக்கு வெல்டிங் வைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். வெல்டிங் ராடைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "பேட்டரி வயரைக் கழற்றிவிட்டீர்களா, தம்பி?" என்று கேட்டார். பிளவின் இரு முனைகளிலும், அது மேலும் ஓடாமல் இருக்கச் சிறு துளையிட்டார். குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும் மற்றொரு குழாய்த்துண்டை நுழைத்து, அதற்குப் பிறகுதான் பற்றவைத்தார். சூடு ஆறும் வரை என் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர், "எடையைக் குறைக்காமல் இரும்பைக் கூட்டினால் விரிசல் இடம் மாறுமே தவிர, நிற்காது" என்றார்.

அவர் சொன்னது என் வேலையின் மீதான சரியான தீர்ப்பு. குழாய் முழுவதும் பரவி வளைந்து தாங்கிக்கொண்டிருந்த சுமையை, நான் சேர்த்த தடித்த தகடு ஒரே கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தகட்டின் முனை சதுரமாக முடிந்ததும், குழாயின் குறுக்கே வெல்டிங் ஓடியதும்தான் பிழை. இப்போது அந்தத் தகட்டின் இரு முனைகளும் மீன்வால் போல் மெலிந்து முடிகின்றன; வெல்டிங் குழாயின் நீளவாட்டில் மட்டுமே ஓடுகிறது. பெட்டிகளின் எடையும் 38 கிலோவிலிருந்து 24 கிலோவாகக் குறைந்துவிட்டது.

அடிப்படையாக நான் எடுத்துக்கொண்டது, காற்றால் குளிரும் 650 சிசி ஒற்றை சிலிண்டர் கார்புரேட்டர் வண்டி. இரட்டை சிலிண்டர் வண்டியின் சுகம் இதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால், 1979ஆம் ஆண்டின் முதலாவது பாரிஸ்–டாக்கர் பாலைவன நெடும்பந்தயத்தில் சிரில் நெவூ வென்றது யமஹா எக்ஸ்டி 500 என்னும் ஒற்றை சிலிண்டர் வண்டியில்தான். சில ஆண்டுகளில் அதே நிறுவனம் 30 லிட்டர் டேங்க்குடன் டெனெரே என்னும் நெடும்பயண வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் பட்டறையில் கட்ட முயல்வதை அன்றே ஒரு தொழிற்சாலை கட்டிக் காட்டிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இருந்தும் நான் 30 லிட்டர் டேங்க் வைக்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடையிருக்கும். 30 லிட்டர் என்றால் 22 கிலோ, அதுவும் உயரத்தில். சுமையோடு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 20 லிட்டரே 400 கிலோமீட்டர் தூரம் தருகிறது. அதற்கு மேல் வேண்டிய அரிதான நாள்களுக்கு 5 லிட்டர் பை ஒன்று மடித்துக் கிடக்கிறது.

நான் அதிக நாள்களை இழந்தது பின் ஷாக் அப்சார்பரில்தான், ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் வண்டியில் பின்சக்கரத்தின் மொத்த அசைவு 260 மில்லிமீட்டர். ஆளும் சுமையும் ஏறிய பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் தாழ்வது நல்லது. எனக்கோ 120 மில்லிமீட்டர் தாழ்ந்தது. முன்சக்கரத்தின் மீது பாரம் குறைந்ததால் வேகத்தில் ஹேண்டில் அலைந்தது, இரவில் விளக்கின் ஒளி சாலையில் விழாமல் மரக்கிளைகளில் விழுந்தது. ஸ்பிரிங்கின் மேல்வளையத்தை இறுக்கினால் போதும் என்று நம்பி இறுக்கினேன். அளவும் 85க்கு வந்தது. ஆனால் ஆளும் சுமையும் இல்லாமல் நிறுத்தியபோது, வண்டி தன் எடையால் சற்றும் தாழாமல் விறைத்து நின்றது. ஸ்பிரிங் நம் சுமைக்கு மென்மையானது என்பதற்கு அதுவே அடையாளம் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். வளையத்தை இறுக்குவது வண்டியின் உயரத்தை மாற்றுமே அன்றி ஸ்பிரிங்கின் வலிமையை மாற்றாது. கீழ்நோக்கி இறங்க இடமில்லாத சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் தரையை விட்டு எழும்பிவிடும். வலிமையான ஸ்பிரிங்கை மாட்டிய பிறகுதான் இரண்டு அளவுகளும் ஒருசேர அமைந்தன.

முதல் பஞ்சர் ஆனபோது பின்சக்கர அச்சின் 24 மில்லிமீட்டர் நட்டுக்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை. பட்டறையில் நீண்ட கைப்பிடியோடு சுவரில் தொங்கியதை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பயன்படுத்தியதால், அது பயணப்பையில் இல்லை என்பதே என் நினைவுக்கு வரவில்லை. சிறிய 250 சிசி வண்டியில் வந்த பயணி ஒருவர் நின்று, தம் கருவிச்சுருளைத் தரையில் விரித்தார். அதில் மொத்தம் 11 கருவிகளே இருந்தன. தம் வண்டியைக் கட்டிய நாள்களில்கூட அந்தச் சுருளைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்றார் அவர். எந்தப் போல்ட்டை அவற்றால் கழற்ற முடியவில்லையோ, அந்தப் போல்ட்டையே மாற்றிவிட்டாராம். திரும்பி வந்ததும் நானும் என் வண்டியை முழுக்கப் பிரித்து அவ்வாறே மீண்டும் கட்டினேன். சக்கர அச்சுகளை விட்டால், இப்போது 8, 10, 12 ஆகிய மூன்று அளவுகளுக்குள் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடுகின்றன.

* * *

விரிசல் பற்றி எழுதிய நண்பருக்கு வணக்கம். எனக்கு நேர்ந்தது மின்சாரப் பக்கத்தில், ஆனால் வேர் ஒன்றுதான்: வளைவையெல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தியது.

மலைப்பாதையில் இடப்பக்கமாகக் கூர்மையாகத் திரும்பும்போதெல்லாம் எஞ்சின் நின்றது. ஹேண்டிலை நேராக்கினால் மீண்டும் இயங்கியது. அரை நாள் கார்புரேட்டரைச் சந்தேகித்தேன். கடைசியில் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராக அசைத்துப் பார்த்தபோது, ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒரு வயரின் மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அற்றுப் போயிருந்தன. அழகாக இருக்க வேண்டும் என்று நான் அந்தக் கொத்தைப் பிளாஸ்டிக் பட்டையால் சட்டகத்தோடு இறுகக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அதே புள்ளியில் வளைந்து வளைந்து இழைகள் அறுந்துவிட்டன. இப்போது அந்த இடத்தில் கொத்து தளர்வான வளைவாகப் போகிறது. இணைப்பிகள் அனைத்தையும் டேங்க்கைத் தொடாமலே கையால் எட்ட முடிகிறது.

மின்சாரத்தையும் கணக்கிட்ட பிறகே பொருள்களை மாட்ட வேண்டும். என் வண்டி ஏறத்தாழ 200 வாட் உற்பத்தி செய்யும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். தலைவிளக்கு 55, கைப்பிடிச் சூடேற்றி 36, கூடுதல் ஹாலஜன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். வண்டியின் இக்னிஷனைச் சேர்க்கும் முன்பே எல்லை தாண்டிவிட்டது. இரண்டாம் நாள் காலை செல்ஃப் சுழலவில்லை. எல்இடி விளக்குகளுக்கு மாறிய பிறகு, ஹேண்டிலில் வைத்த சிறு வோல்ட்மீட்டர் ஓட்டத்தில் 13.8க்குக் கீழ் இறங்குவதில்லை. ஃபியூஸைக் கருவியின் அருகே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காப்பது வயரைத்தான், ஆகவே பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

* * *

மேலே எழுதிய நண்பர்கள் இருவரையும் தொடர்ந்து, என் பங்குக்கு இரண்டு சிறு அனுபவங்கள்.

நின்றுகொண்டு ஓட்ட வசதியாக ஹேண்டிலை 30 மில்லிமீட்டர் உயர்த்தினேன். ஒரு குறுகிய திருப்பத்தில், நான் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமி வண்டி முன்னே பாய்ந்தது. உயர்த்திய ஹேண்டில் கடைசி வரை திரும்பும்போது கேபிள் நீளம் போதாமல் இழுபட்டிருக்கிறது. ஹேண்டிலை உயர்த்தும் எவரும், வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி எஞ்சின் ஓசையைக் கேட்டுப் பாருங்கள் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். பிரேக் ஹோஸுக்கும் கிளட்ச் கேபிளுக்கும் இதே சோதனை பொருந்தும்.

மற்றொன்று எஞ்சினுக்கு அடியில் மாட்டும் காப்புத் தகடு. 4 மில்லிமீட்டர் அலுமினியத்தில், கல் நுழையாதபடி இடைவெளியே விடாமல் நானே வளைத்துச் செய்தேன். கல் நுழையவில்லைதான், ஆனால் சேறு நுழைந்து, வெளியேற வழியின்றிக் காய்ந்து, எஞ்சின் அடிப்பாகத்தைப் போர்வை போல் மூடிக்கொண்டது. எண்ணெய் மாற்றும் நாளில் அந்தத் தகட்டைக் கழற்ற முயன்றபோது, ஆறு போல்ட்டுகளில் இரண்டு வளைந்த தகட்டுக்குள் சிக்கி வரவே இல்லை. இரும்பறுக்கும் வாளால் அவற்றை அறுத்து எடுத்தேன். புதிய தகட்டில் நான்கே போல்ட்டுகள், அவற்றின் தலைகள் தகட்டின் குழிவுக்குள் மறைந்திருக்கின்றன. பின் ஓரத்தில் சேறு வழிய அகலமான பிளவு உண்டு. எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேர்கீழே, சாக்கெட் ஸ்பேனர் தாராளமாக நுழையும் துளை ஒன்றும் இருக்கிறது.