நோட்டில் எழுதாமல் விட்ட மைனா

ஒற்றைவால்:
பறவை பார்க்கத் தொடங்கிய முதல் ஆறேழு வருஷம் என் நோட்டில் மைனாவுக்கு இடமே கிடையாது. அரிய பறவை கண்ணில் பட்டால் தேதி, நேரம், எந்த மரம், எந்தக் கிளை என்று அரைப் பக்கம் எழுதுவேன். மைனா, காகம், சிட்டுக்குருவிக்கெல்லாம் சேர்த்து ஒரே வரி: “வழக்கமானவை.” போன மாதம் அந்த நோட்டை எடுத்து, அப்போது எத்தனை சிட்டுக்குருவி பார்த்தேன் என்று தேடினேன். அந்த ஒரு வரிதான் இருந்தது. குருவி நிஜமாகவே குறைந்துவிட்டதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? சொல்ல என் கையில் ஒன்றுமில்லை. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

ஈரமண்:
எனக்குத் தேரை. மழை நாட்களில் வாசல் விளக்குக்குக் கீழே ஒன்று வந்து உட்காரும். தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். ஈசல் தரையில் விழுந்ததும் லேசாக முன்னால் சாயும், அவ்வளவுதான், ஈசலைக் காணோம். விழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே அமுங்கிப்போகும். இரையைத் தொண்டைக்குள் தள்ளக் கண்ணும் உதவுகிறது என்று பிற்பாடு படித்தேன். இப்போது அது வருவதில்லை. எந்த மழையோடு நின்றது என்று கேட்டால் தெரியாது. இருந்தவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

பாறுநிழல்:
அரிய இனங்களுக்கே காசு போதவில்லை, இதில் காகத்தையும் தேரையையும் யார் பார்ப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, அரிய இனமாகப் பிறக்கவில்லையே! 1980-களில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் ஏராளம். உலகிலேயே அதிகமாக உள்ள பெரிய இரைகொல்லிப் பறவை அதுவாகத்தான் இருக்கும் என்றுகூடக் கருதினார்கள். மாட்டுக்கு வலி போகக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கிய சரிவில், பதினைந்தே வருஷத்துக்குள் நூற்றுக்கு 99-க்கும் மேல் போய்விட்டது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். சிறு வயதில் நான் பாறுக் கழுகைப் பார்த்திருக்கிறேன், அதுவும் கூட்டமாக. நின்றுகூடப் பார்க்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

ஒற்றைவால்:
சரி, நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். தினமும் ஒரே இடம், காலையில் பதினைந்து நிமிஷம். இன்றைய கணக்கு: காகம் 23, மைனா 11, சிட்டுக்குருவி 4. அப்புறம் அணில். ஓடியது மூன்றா, ஒன்றே மூன்று தடவை ஓடியதா என்று குழம்பிப்போய்ப் பாதியில் விட்டுவிட்டேன்.