சோடி மாடு செத்த பிறகு மற்றவன் தின்னாமல் நிற்கிறான், வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் மாட்டுவண்டிச் சவாரிச் சோடியில் இடப்பக்கத்துக் கறுவல் போன மாதம் புடையன் பாம்பு கடித்துச் செத்துவிட்டான். கால் வீங்கி, பல் முரசில் இரத்தம் கசிந்து, மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டும் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 2016இல் கன்றாக வாங்கி வளர்த்த பிள்ளை, துவரங்கேட்டித் தடி மேலில் படாமலே குரலுக்கு ஓடுவான், அப்படியொரு மாடு இனி வாய்க்காது.

இப்போது கவலை வலப்பக்கத்து மாடு மயிலையைப் பற்றி. அவனுக்கும் அதே வயதுதான். வைக்கல் போட்டால் மணந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறான், தண்ணீர் மட்டும் குடிக்கிறான், அசைபோடுவதும் குறைவு, விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. தொட்டியடியில் இன்னும் வலப்பக்கமாகவே ஒதுங்கி நிற்கிறான், மற்றப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

வைத்தியர் பார்த்தார், காய்ச்சல் இல்லை, பூச்சி மருந்தும் விற்றமின் ஊசியும் கொடுத்தார். நாக்கில் உப்பும் மஞ்சளும் தேய்த்தோம். பச்சைப் புல், எள்ளுப் புண்ணாக்கு, ஊறவைத்த உழுந்து எல்லாம் வைத்துப் பார்த்தாச்சு. சரி, துணை இருந்தால் தின்பான் என்று பக்கத்து வீட்டு நாம்பனைக் கொண்டுவந்து அருகில் கட்டினால் முட்டித் தள்ளுகிறான். இறைச்சிக்குக் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள், கொடுக்கவே மாட்டேன்.

சோடி இழந்த மாட்டைத் திரும்பத் தின்ன வைத்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள்?