ஐ.வி.எஃப். ஆய்வகத்திலிருந்து வனவிலங்கு ஆராய்ச்சிக்கு மாறுவது எப்படி?

கேள்வி: வணக்கம். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) ஆய்வகத்தில் கரு உறைய வைக்கத் தெரிந்தவர், சிங்கப்பூரிலேயே இருந்து வனவிலங்குப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு மாற முடியுமா? எதை முதலில் கற்க வேண்டும்?

பதில் 1: முடியும். ஆனால் முதலில் ஹார்மோன் அளவிடப் பழகுங்கள். காட்டு விலங்கிடம் அடிக்கடி ரத்தம் எடுக்க முடியாது, ஹார்மோன் எச்சங்கள் உள்ள சாணம்தான் கைகொடுக்கும். நன்கு கலந்த சாணம் 0.5 கிராம், 80 சதவீத மெத்தனால் 5 மில்லி. குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றி, மேலே தெளிந்ததை எலைசாவில் (ஹார்மோன் அளவைக் காட்டும் சோதனை) பாருங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில்தான் சிக்கலே. பாக்டீரியா சில மணி நேரத்தில் ஹார்மோன் எச்சங்களை மாற்றிவிடும், அளவு பொய்யாகும். எடுத்த கையோடு ஐஸ் பெட்டி, பிறகு −20 டிகிரி. சிறுநீர் பட்ட பகுதி வேண்டாம்.

பதில் 2: மனிதரின் மாதச் சுழற்சிக் கணக்கை அப்படியே விலங்குக்குப் போடாதீர்கள். பெண் பாண்டா கருத்தரிக்க முடிவது ஆண்டுக்கு ஒரு முறைதான், அதுவும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள். சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். இங்கே சிங்கப்பூரில் ஜியா ஜியா என்ற பாண்டா 2021 ஆகஸ்ட் 14 அன்று குட்டி ஈன்றது செயற்கைக் கருவூட்டலால்தான்.

பதில் 3: பவளத்தையும் மறக்காதீங்க! ஏப்ரல் பௌர்ணமி கழிந்து 3 முதல் 5ஆம் இரவுக்குள் நம் தென் தீவுகளில் பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் விடும். விந்தை 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) சேர்த்து −196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கலாம். முட்டை பெரியது, கொழுப்பு அதிகம், அந்த முறைக்கு ஒத்துவராது. அழியும் இனத்தின் விந்தோ திசுவோ நாடு தாண்டினால் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.