பாலிகார்பனேட் அடித்தட்டு: புதுப்பிப்பு

என் ரிமோட் பொம்மை டிரக்கின் அடித்தட்டை 2 மி.மீ. பாலிகார்பனேட் (எளிதில் உடையாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டில் வளைத்தபோது முழுக்கக் குமிழி வந்ததாகப் போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் ஈரம்தான். இந்தத் தகடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. வளைக்க 150 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது அந்த ஈரம் ஆவியாகிக் குமிழ் விடுகிறது.

இந்த முறை இருபக்கப் பாதுகாப்புத் தாளையும் உரித்துவிட்டு, 120 டிகிரி ஓவனில் 4 மணி நேரம் காயவைத்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் மேலும் சூடேற்றி மர அச்சில் அழுத்தினேன். கண்ணாடி மாதிரி வந்தது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் திருகு. கழலாமல் இருக்க திரெட் லாக்கர் (திருகைப் பிடித்துவைக்கும் பசைத் திரவம்) விட்ட பழைய தட்டில், துளையைச் சுற்றி விரிசல் ஓடிவிட்டது. அந்தத் திரவம் பாலிகார்பனேட்டுக்கு ஆகவே ஆகாது. பெயிண்ட் தின்னரும் அப்படித்தான். இப்போது நைலான் லாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்) போட்டு, 3 மி.மீ. திருகுக்கு 3.5 மி.மீ. துளை விட்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் போதாதா என்று கேட்ட தம்பிக்கு: போதாது, அடிபட்டால் சில்லுசில்லாக உடையும்.

ஞாயிறன்று கிருஷ்ணகிரி அணைப் பக்கத்துப் பாறைகளில் இரண்டு பேட்டரி தீரும்வரை டிரக்கை ஏற்றி இறக்கினேன். கீறல் நிறைய, விரிசல் ஒன்றுகூட இல்லை. அடுத்தது பம்பர். அச்சுக்கு வேப்பங்கட்டை செதுக்கத் தொடங்கிவிட்டேன்.