எந்த கியர்ல ஏறினீங்க? பழைய காரை எடுக்கக் கூடாத இடத்துக்கு எடுத்துப் போன கதைகள்

பத்மினி 1986, கோவை

போன ஐப்பசியில வால்பாறையில சொந்தத்துல ஒரு கல்யாணம். வீட்டுல புது கார் நிக்குது. ஆனா எனக்கு பத்மினியிலதான் போய் இறங்கணும்னு ஆசை. 1089 சிசி எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர் லீவர். ஆழியார்ல ஆரம்பிச்சு நாற்பது கொண்டை ஊசி வளைவையும் ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டே ஏறிடுச்சு. ரேடியேட்டர் ஆற ரெண்டு இடத்துல நிறுத்தினேன், அவ்வளவுதான். ஏறியாச்சு, இனி என்னன்னு நினைச்சேன்.

மறுநாள் இறக்கம். முன் சீட்டுல மாமனார். பின்னாடி மனைவி, மாமியார், பையன். டிக்கி நிறைய சாமானும் பலகாரக் கூடையும். தினம் ஓட்டற கார்ல கால் பழகின பழக்கம் இருக்கே, அதே மாதிரி மூணாவது கியர்ல விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக் மிதிச்சுக்கிட்டே வந்தேன். அட்டகட்டி தாண்டினதும் கருகின வாடை. முன்னாடி போற பஸ்ஸுனு நினைச்சேன். "மாப்ளே, வாடை நம்ம வண்டியிலதான் வருது"ன்னார் மாமனார்.

அடுத்த வளைவுல பெடல் வழக்கமா நிக்கற இடத்துல நிக்கல, பாதி வரைக்கும் இறங்குச்சு. அதுக்கடுத்த வளைவுல ஏறக்குறைய தரையையே தொட்டுச்சு. பம்ப் பண்ணிப் பண்ணி மிதிச்சா கொஞ்சமா பிடிக்குது. ரெண்டாவதுக்கு மாத்தலாம்னா வேகம் அதிகம், லீவர் கரகரன்னு கத்துது. எப்படியோ விழுந்துச்சு. மலைப்பக்க மண்ணுல ரெண்டு சக்கரத்தை இறக்கி உரசி நிறுத்தினேன். யாரும் பேசல. மாமியார் உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

சக்கரத்துக்கிட்ட கை கொண்டு போக முடியாத சூடு. பையன் ஆர்வமா தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு ஓடினான். பின்னால வந்து நின்ன லாரிக்காரர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி ஊத்தாத! டிரம் விரிசல் விட்டுடும்." அவரே ரெண்டு கல்லை எடுத்து டயருக்கு அடை கொடுத்துட்டு நிதானமா கேட்டார்.

"எந்த கியர்ல ஏறினீங்க?"

"ரெண்டுங்க."

"அப்ப எதுக்கு மூணுல இறங்கறீங்க?"

பதில் இல்ல. சின்ன கியர்ல விட்டா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். டிரம் சூடாக சூடாக விரிஞ்சு, உள்ள இருந்து அதை அழுத்திப் பிடிக்கற லைனரை விட்டு விலகும். லைனர் மேல்பக்கம் கருகி வழவழப்பாயிடும். டிஸ்க் பிரேக்ல சூடு காத்தோட போயிடும், இது மூடின பாத்திரம். இதெல்லாம் புத்தகத்துல படிச்சவன்தான் நான். முக்கால் மணி நேரம் உக்காந்தோம், முறுக்குக் கூடை பாதி காலி. அப்புறம் ரெண்டாவதுலயே ஊர்ந்து இறங்கினோம். ஒன்பதாவது வளைவுல வரையாட்டைப் படம் எடுக்க நின்ன கூட்டம் எங்க காரையும் சேர்த்துப் படம் எடுத்துச்சு.

அம்பாசிடர், சென்னை

2015 டிசம்பர் வெள்ளத்துல வண்டியை வெளியவே எடுக்கல, புத்திசாலித்தனமா முதல் மாடி பார்க்கிங்ல விட்டிருந்தேன். என்னை மாட்டி விட்டது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்த ஒரு சாதாரண மாலை மழை. சுரங்கப்பாதையில முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. பக்கத்துல ஆட்டோ போகுது, அம்பாசிடர் போகாதான்னு இறக்கினேன். பழைய எஞ்சின்ல ஃபேன் பெல்ட்டுல ஓடுது, எஞ்சின் சுத்தினா அதுவும் சுத்தும். தண்ணியை அள்ளி நேரா டெல்கோ மேல, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் மேல, அடிச்சுது. நாலு இருமல், வண்டி ஆஃப். நாலு பேர் தள்ளித்தான் மேல ஏத்தினாங்க.

டெல்கோ மூடியைக் கழட்டி, சட்டைக்குள்ள ஈரமாகாம இருந்த பனியன் நுனியால துடைச்சதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. சந்தோஷத்துல நூறடி போய் சிக்னல்ல மிதிச்சா பிரேக்கே இல்ல! டிரம்முக்குள்ள தண்ணி. முன்னாடி பைக்ல ஒரு பொண்ணு. பத்து இஞ்ச் மிச்சம் வச்சு நின்னுச்சு. தண்ணியை விட்டு ஏறினதும் பிரேக்கை லேசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஊர்ந்து காய வைக்கணும்னு அன்னிக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் சொன்ன வைத்தியம்: டாக்டர்கள் போடற ரப்பர் கையுறை ஒண்ணை டெல்கோ மேல கவுத்து, விரல் நுனிகளை வெட்டி வயர்களை வெளிய எடுத்துடணும். பிளக்குக்கு நாலு வயர், காயிலுக்கு ஒண்ணு. விரலும் அஞ்சுதான். பானெட்டைத் திறந்தா யாரோ எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும்.

ஃபியட், விழுப்புரம்

அம்பாசிடர்காரரே, பிரேக் பிடிச்சாலும் கஷ்டம்தான். பழைய வண்டிக்குத் தேவைன்னு நாம விடற இடைவெளியில ஷேர் ஆட்டோ வந்து புகுந்துக்குது.

என் கதை சித்திரை வெயில். டோல்ல இருபது நிமிஷ வரிசை, வண்டி நின்னுடுச்சு. ஏசி பம்ப்புக்குள்ள (குளுகுளு ஏசி இல்ல, டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்கற பம்ப்) பெட்ரோல் ஆவியாகி அடைப்பு. ஈரத்துணி சுத்தி உக்காந்தேன், பின்னாடி ஹாரன் கச்சேரி. அது பரவாயில்ல. துணி சுத்தும்போது விரல்ல பெட்ரோல் பட்டுச்சு. ரப்பர் ஹோஸ் உப்பி, பிசுபிசுன்னு வெடிச்சிருக்கு. சொட்டு விழற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி கொதிக்கற சைலன்சர் குழாய். இப்ப பெட்ரோல்ல கலக்கற எத்தனாலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்கறதில்ல. அன்னிக்கே எல்லா ஹோஸையும் மாத்திட்டேன். சீட்டுக்கு அடியில சின்ன தீயணைப்பான் ஒண்ணும் ஏறிடுச்சு.

ஹெரால்டு, தாம்பரம்

நீங்க எல்லாரும் நிக்காத கதையும் நின்னு போன கதையும் சொல்றீங்க. எங்க அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு திரும்பின கதை இது. வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில பிறந்த வண்டி, அதனால எங்க ஊர்ப் பிள்ளைன்னு அப்பாவுக்குப் பெருமை. ஈசிஆர், ஐப்பசித் தூறல், இடது வளைவு. வேகம் கொஞ்சம் அதிகமோன்னு தோணிச்சு, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். புது கார்ல அது சரி. ஹெரால்டுல பின் ஆக்ஸில் ரெண்டு பாதியா நடுவுல மடங்கற அமைப்பு. காலை எடுத்தா பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்ள மடங்கிக்கும், பிடிப்பு போயிடும். வால் வெளிய வந்து, ஒரு முழு சுத்து. வந்த திசையைப் பாத்து நின்னேன். எதிர்ல வண்டி வராதது என் திறமை இல்ல.

டயர்ல பட்டன் (ரோட்டைப் பிடிக்கற மேல் கட்டை) நிறைய இருந்துச்சு, அதான் வேதனை. வண்டி ஓடாம நின்னு நின்னு ரப்பர் கல்லாகியிருக்கு. நகத்தால அழுத்தினா தடமே விழல.

பத்மினி 1986, கோவை

கையுறை யோசனைக்கு நன்றி, நாளைக்கே மெடிக்கல் ஷாப் போறேன். லைனர், பிரேக் ஆயில் ரெண்டும் மாத்தியாச்சு. மறுபடி மலைக்கான்னு கேட்டவருக்கு: மனைவி தீர்ப்பு சொல்லிட்டா, பத்மினி பொள்ளாச்சி வரைக்கும்தான். மாமனார் மட்டும் இப்பவும் ஆசையா ஏறி உக்காருவார். கடைத்தெருவுக்குப் போனாக்கூட, சமதரையில, "எந்த கியர் மாப்ளே?"ன்னு கேட்டுக்கிட்டே வருவார்.