சட்பரிக்குப் போகலாமா? கூட வரப்போகிறவரிடம் கேட்டீர்களா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, வடக்கே சட்பரியில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கொஞ்சம் கூட, வாடகை குறைவு, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தனை நீளக் கேள்வியில் உங்கள் மனைவி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார்: "வைஃபும் கூட வருவாங்க."

நானும் அப்படி ஒரு வைஃப்தான். 2022 அக்டோபரில் என் வீட்டுக்காரருக்கு இதே சட்பரியில் வேலை கிடைத்து, கூடவே வந்தவள். அதனால் பதில் உங்களுக்கு என்றாலும் எழுதுவது பாதி உங்கள் மனைவிக்காக. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எல்லோரும் போடும் வாடகைக் கணக்கு. ஸ்கார்பரோவில் இரண்டு அறை பேஸ்மென்ட்டுக்கு 1,900 டாலர் கொடுத்தோம். இங்கே ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிற இரண்டு அறை வீடு 1,750. கார் இன்சூரன்ஸ் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து மாறும் என்பதால் மாதம் 110 இறங்கியது. என் வீட்டுக்காரருடைய டிடிசி (டொராண்டோ பஸ், ரயில்) மாதப் பாஸ் 156 மிச்சம். ஆக 416 டாலர் லாபம் என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் வந்த செலவைக் கேளுங்கள். அங்கே வாடகைக்குள் அடங்கியிருந்த ஹீட்டிங் இங்கே தனி, சராசரியாக 120. காரை அவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்பதால் கொஞ்ச நாளில் இரண்டாவது கார் தேவைப்பட்டது: தவணை 310, இன்சூரன்ஸ் 170, பெட்ரோல் 130. எல்லாம் சேர்ந்து 730. சின்ன ஊருக்கு வந்ததால் எங்களுக்கு மாதம் 314 டாலர் கூடத்தான் செலவாயிற்று. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது காரைச் சேர்க்காமல் போட்ட கணக்கை என்னிடம் காட்டாதீர்கள்.

இரண்டாவது கார் வருவதற்கு முன்பு நான் எப்படி இருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் பஸ் போனால் அடுத்த பஸ் வந்துவிடும், கனடா லைசென்ஸ் எடுக்கவே தோன்றவில்லை. இங்கே எங்கள் தெருவில் பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ். டிசம்பரில் ஒருநாள் நூலகத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். மைனஸ் 28. நிறுத்தத்தில் நின்றபோது மூச்சுக்காற்று மஃப்ளரில் பட்டுப் பட்டு அது அட்டை மாதிரி விறைத்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே பஸ் போயிருந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன், அன்று சாயங்காலம் அவர் வந்ததும் ஒரு சின்ன விஷயத்துக்குப் பெரிய சண்டை. பஸ் என்ற வார்த்தையே அந்தச் சண்டையில் வரவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே பத்துப் பேர் அறிமுகமாகிவிடுகிறார்கள், மதியம் யாரோ கூப்பிட்டுக் காபி வாங்கித் தருகிறார்கள். கூட வந்தவருக்கு அப்படி யாரும் இல்லை. இப்படி எனக்கு ஏழு மாதம் போனது. ஊரில் ஆறு வருடம் கணக்கு எழுதியவள், ஸ்கார்பரோவில் ஏஜென்சி வழியாகத் தற்காலிக வேலைகள் பார்த்தவள். இங்கே வந்து பார்த்தால், வாடிக்கையாளர்களோடு நேரில் பேசும் வேலைகளில் பலவற்றுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் கேட்கிறார்கள். சட்பரியில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஏராளம் என்பதே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

திருப்பம் எப்படி வந்தது என்றால், அரசின் இலவச வருமான வரித் திட்டம் ஒன்று உண்டு: தன்னார்வலர்கள் உட்கார்ந்து குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிப் படிவம் போட்டுத் தருவார்கள். மார்ச் மாதம் அதற்குப் போனேன். முதல் நாள் ஒரு பெரியவர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டோனட் டப்பா ஒன்றில் மூன்று வருடத்து ரசீதுகளைத் திணித்துக்கொண்டு வந்தார். சர்க்கரைப் பொடி ஒட்டிய டி4ஏ (ஓய்வூதிய வருமான) தாள்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். என் பெயரை நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் "அக்கவுன்டன்ட்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவர் போய் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, மே மாதம் ஒரு சிறிய கணக்கு நிறுவனத்தில் வேலை. டொராண்டோவில் என் ரெஸ்யூமே எத்தனையாவது ஆளுடையதோ, இங்கே ஆள் குறைவு, அதனால் ஒருவர் வாய்வார்த்தைக்கே மதிப்பு. சின்ன ஊரின் நிஜமான லாபம் இதுதான், வாடகை இல்லை.

ஆகவே ஆஃபருக்குச் சரி சொல்லும் முன் ஒன்று செய்யுங்கள். அரசின் ஜாப் பேங்க் தளத்தில் உங்கள் வேலையைத் தேட வேண்டாம், அது கிடைத்துவிட்டதே. உங்கள் மனைவியின் துறையை சட்பரி என்று போட்டு மூன்று நான்கு வாரம் தினமும் பாருங்கள். எத்தனை விளம்பரம் வருகிறது, எத்தனையில் பிரெஞ்சு கேட்கிறார்கள், எத்தனை நிரந்தர வேலை என்று ஒரு தாளில் அவரே குறித்துவைக்கட்டும். பிறகு உங்கள் துறைக்கும் அதையே செய்யுங்கள், இந்த வேலை போனால் அடுத்தது என்ன என்று தெரிவதற்காக. பயமுறுத்தவில்லை. இது நிக்கல் சுரங்க ஊர். 2009 ஜூலையில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒரு வருடம் நடந்தது. 2021 பிப்ரவரியில் இங்குள்ள லாரென்ஷியன் பல்கலைக்கழகம் கடனிலிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, ஏப்ரலில் அறுபதுக்கும் மேற்பட்ட படிப்புகளை நிறுத்தியது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பெரிய ஊரில் வேலை போனால் வேறு ரயில் பிடித்து வேறு ஆபீஸ் போகலாம். இங்கே வேலை போனால் வீட்டையே மாற்ற வேண்டி வரும். அதிலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது ஒரே முதலாளியோடு கட்டிய வொர்க் பெர்மிட் என்றால் இரண்டு மடங்கு யோசியுங்கள்.

சின்ன ஊர் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஓஷவா, பாரி, ஹாமில்டன் பக்கம் போனால் கோ என்ற புறநகர் ரயில் இருக்கிறது, டொராண்டோவின் ஒரு கை உங்களைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். ஒன்டாரியோ மாகாணத்து லண்டன், கிங்ஸ்டன் நடுத்தரம். சட்பரி டொராண்டோவிலிருந்து 400 கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் 1,66,004 பேர், டொராண்டோவில் 28 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் வெகுதூரத்தில் இருக்கும் தண்டர் பே போகிறவர்கள் தனி ஜாதி, அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, கும்பிடு போட்டுக்கொள்கிறேன். மாகாணமே மாறுவதாக இருந்தால் கணக்கும் மாறும்: விற்பனை வரி இங்கே 13 சதவீதம், ஆல்பர்ட்டாவில் 5, ஹெல்த் கார்டு புதிதாக எடுக்க வேண்டும், டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் இருக்கிறீர்களோ அந்த மாகாணத்துக்குத்தான் அந்த வருட மாகாண வருமான வரி முழுவதும். ஒன்டாரியோவுக்குள்ளேயே மாறும் உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. லைசென்சில் முகவரியை 6 நாளுக்குள், ஹெல்த் கார்டில் 30 நாளுக்குள் மாற்றினால் போதும்.

ஊரைப் பார்க்க வருகிறீர்களா? ஜூலையில் வராதீர்கள். நகர எல்லைக்குள்ளேயே 330 ஏரி, ராம்ஸி ஏரிக் கரையில் நின்றால் யாருக்கும் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும். பிப்ரவரியில், அதுவும் வாரநாளில் வாருங்கள். வேலைக்குப் போகிற நேரத்தில் வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் உங்கள் மனைவி மட்டும் தனியாக, காரில்லாமல், மதியம் இரண்டு மணிக்கு மளிகைக் கடைக்குப் போய் வரட்டும். அந்த ஒரு நடை ஆயிரம் யூடியூப் வீடியோவுக்குச் சமம். கார்களின் முகப்பிலிருந்து ஒரு ஒயர் தொங்குவதைப் பார்த்து எல்லாம் எலெக்ட்ரிக் கார் போலிருக்கிறது என்று நான் வியந்தேன். என்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி சொருகி வைக்கும் ப்ளாக் ஹீட்டர் அது. விண்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி கேளுங்கள், 2016 முதல் ஒன்டாரியோவில் கொடுத்தே ஆக வேண்டும்.

வரும் வழியையும் கவனியுங்கள். 400ஆம் எண் நெடுஞ்சாலை இன்னும் சட்பரிவரை நாலுவழியாக முடியவில்லை. பாரி சவுண்டுக்கு வடக்கே சில இடங்களில் 69 என்ற பெயரில் ஒரே பாதையில் எதிரும் புதிருமாக வண்டிகள். பனிப்புயல் வந்தால் மூடிவிடுவார்கள். ஒரு ஜனவரியில் ஸ்கார்பரோ போய் இரண்டு மாதத்துக்கான மளிகை வாங்கி டிக்கியில் அடைத்துக்கொண்டு வந்தோம். வீட்டில் வந்து பிரித்தால், நாளிதழில் சுற்றியிருந்த கறிவேப்பிலை கண்ணாடித் துண்டு போல உடைகிறது, அரை மணியில் கறுத்துப் போனது. அப்போதிருந்து கறிவேப்பிலைக்கு என் காலடியில் இடம், வீட்டுக்காரரின் லேப்டாப்புக்கு டிக்கியில்.

தமிழ் விஷயம். ஸ்கார்பரோவில் பிள்ளைக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்றால் பள்ளி வாரியமே நடத்துகிறது. இங்கே நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டு ஹாலில் நடத்துகிறோம், வாத்தியார் வீடியோவில். குறை என்று சொல்ல மாட்டேன், அந்த நாலு குடும்பமும் எனக்கு இப்போது சொந்தம் மாதிரி. ஆனால் அதை யாரும் நடத்தித் தர மாட்டார்கள், நாமேதான் செய்ய வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதுவே சொர்க்கம், கலகலவென்று இருந்து பழகியவர்களுக்கு முதல் குளிர்காலம் தாண்டுவது கஷ்டம். உங்கள் மனைவி எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

டாக்டர்: ஸ்கார்பரோவில் ஃபேமிலி டாக்டர் இருந்தால் உடனே விட்டுவிடாதீர்கள். இங்கே கிடைக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் இல்லை என்றால், டாக்டர் தேடித் தரும் அரசு சேவையான ஹெல்த் கேர் கனெக்டில் வந்த வாரமே பதிந்துவிடுங்கள். சிறப்பு மருத்துவருக்காக 100 கிலோமீட்டருக்கு மேல் போக நேர்ந்தால் வட ஒன்டாரியோக்காரர்களுக்கு அரசு பயண உதவித்தொகை தருகிறது, கேட்டால்தான் கிடைக்கும். குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனை இருந்தால் டாக்டர் விஷயத்தை வாடகைக்கு முன்னால் வையுங்கள்.

பிஆருக்காக (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. 2019இல் தொடங்கிய பழைய ஊரக வடக்குக் குடியேற்றத் திட்டம் முடிந்துவிட்டது, 2025 ஜனவரியில் புதிய ஊரகச் சமூகக் குடியேற்றத் திட்டம் வந்தது, அதிலும் சட்பரி இருக்கிறது. அந்த ஊரிலேயே வாழப் போகிறேன் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்கிறோம், மனதில் வேறு கணக்கு வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். வேலை ஆஃபருக்குப் பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். உங்களுக்குத்தான் பிஆர் ஏற்கெனவே இருக்கிறதே, இது மற்றவர்களுக்கு.

லீஸ் இன்னும் ஐந்து மாதம் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அதே நிலைதான். பாக்கி வாடகை முழுவதும் கட்டிவிட்டுப் போ என்றார் வீட்டுக்காரர் (வீட்டு ஓனரைச் சொல்கிறேன், என்னவரை இல்லை). ஒன்டாரியோ சட்டப்படி, லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர் முடியாது என்றாலோ, 7 நாளில் பதிலே சொல்லாவிட்டாலோ, என்9 படிவம் கொடுத்து 30 நாள் நோட்டீஸில் கிளம்பலாம். எங்களுக்குப் பதில் வரவில்லை, கிளம்பிவிட்டோம். போனில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள், தேதி முக்கியம். புதிய வீட்டில் கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம், சேதத்துக்கென்று டெபாசிட் கேட்கக் கூடாது. புதிய வேலையிடத்துக்கு 40 கிலோமீட்டராவது நெருங்கி வருகிறீர்கள் என்பதால் லாரிச் செலவு, வழியில் தங்கிய செலவு எல்லாவற்றையும் வருமான வரிக் கணக்கில் டி1-எம் படிவம் வழியாகக் கழிக்கலாம். ரசீதுகளை டோனட் டப்பாவில் போடாதீர்கள்.

போகலாமா என்றால், என் பதில்: உங்கள் மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சரி என்றால் போங்கள். பார்க்கலாம் என்று இழுத்தால், முதலில் நீங்கள் மட்டும் மூன்று மாதம் ஒரு அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள், லீஸும் அதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்ய வேண்டும். அவருக்கு ஊரில் லைசென்ஸ் இருந்தால், அதை வழங்கிய ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து எத்தனை வருட அனுபவம் என்று எழுத்துபூர்வமாகக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் இல்லாமல் போனதால் கார் ஓட்டிய என் ஆறு வருட அனுபவத்தில் ஒரு வருடம்தான் எடுத்துக்கொண்டார்கள். இடைநிலை லைசென்ஸுக்கான ஜி2 தேர்வுதான் கொடுக்க முடிந்தது, அதையும் டிசம்பர் பனியில் கோட்டைவிட்டு மார்ச்சில்தான் பாஸானேன். அவருடைய அப்பாவோ அண்ணனோ திங்கட்கிழமை காலை போய் நின்றால், நீங்கள் சாமான் கட்டி முடிப்பதற்குள் கடிதம் கைக்கு வந்துவிடும்.